கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட் இறங்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கடல்நீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டின் அளவு என்பது வரவு செலவுக் கணக்கில் எஞ்சும் இருப்பைப் போன்றது. உணவாகவும் ஊற்றும் தண்ணீராகவும் உள்ளே வருவது வரவு. தண்ணீர் மாற்றுவதாலும், பாசியை அறுத்தெடுப்பதாலும், பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுவதாலும் குறைவது செலவு. அளவு கூடிவிட்டது என்றவுடன் ஏதேனும் ஒரு மருந்தை வாங்கி ஊற்றுவதே பலரின் முதல் வேலையாக இருக்கிறது. ஆனால் வரவு கூடியிருக்கிறதா, செலவு குறைந்திருக்கிறதா என்பதைப் பிரித்தறியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் சில வாரங்களுக்கு மேல் பயன் தருவதில்லை. ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அது கணக்கின் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதையும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையும் விளக்குகிறேன். கணக்குகளுக்கெல்லாம் 200 லிட்டர் தண்ணீர் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏற்பப் பெருக்கியோ வகுத்தோ கொள்ளலாம்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஓர் அடிப்படை தெளிவாக இருக்க வேண்டும். உணவிலுள்ள புரதம் அம்மோனியாவாகவும், அம்மோனியா நைட்ரைட்டாகவும், நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறுகின்றன. அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும்; காற்றும் நீரோட்டமும் உள்ள எந்தத் தொட்டியிலும் இவை தாமாகவே பெருகிவிடும். நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கோ ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாத இடமும், உண்பதற்குக் கரிமப் பொருளும் வேண்டும். பெரும்பாலான தொட்டிகளில் முதல் வேலைக்கு இடம் தாராளமாக இருக்கிறது, இரண்டாவதற்கு இடமே இல்லை. மீன் மட்டும் உள்ள தொட்டியில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நன்று, 40 வரை பொறுத்துக்கொள்ளலாம். மென்பவளங்கள் உள்ள தொட்டியில் 5 முதல் 20 வரையும், கடினப் பவளங்கள் உள்ள தொட்டியில் 2 முதல் 10 வரையும் வைத்துக்கொள்வது என் பரிந்துரை. பூஜ்யம் என்பது இலக்கு அன்று. அதன் காரணத்தைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: அளவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வருகிறது, அல்லது நம்ப முடியாததாக இருக்கிறது

நைட்ரேட் சோதனைக் கிட்டுகளில் பெரும்பாலானவை, நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகு அந்த நைட்ரைட்டுக்கு நிறம் கொடுத்து அளக்கின்றன. இந்த வேலையைச் செய்யும் உலோகத்தூள் சில கிட்டுகளில் தனிப் பொடியாகவும், சிலவற்றில் திரவத்துக்குள்ளேயே கலந்தும் வரும். ஏபிஐ (API) என்ற நிறுவனத்தின் கிட்டில் இரண்டாம் குப்பியில் அந்தத் தூள் அடியில் தங்கிவிடும் என்பதால், அந்தக் குப்பியை 30 விநாடிகள் வேகமாகக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டுகளை விட வேண்டும். பிறகு சோதனைக் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நிறம் பார்க்க வேண்டும். குலுக்காமல் சோதித்தால் 80 உள்ள தண்ணீர் 10 போலத் தோன்றும். பல மாதங்களாக நல்ல அளவு காட்டிவந்த தொட்டியில் திடீரென மிகுதியாகக் காட்டுவதற்கு, அன்றுதான் குப்பி ஒழுங்காகக் குலுக்கப்பட்டது என்பதே காரணமாக இருப்பதும் உண்டு.

இதே முறையால் இன்னொரு பிழையும் நேரும். தொட்டியில் நைட்ரைட் சிறிதளவு இருந்தாலும், கிட் அதையும் சேர்த்து நிறமாக்கி நைட்ரேட்டைப் பன்மடங்கு கூட்டிக் காட்டிவிடும். புதிதாக அமைத்த தொட்டி இன்னும் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும் வாரங்களில் வரும் நைட்ரேட் அளவை ஆகவே பொருட்படுத்த வேண்டாம். நைட்ரைட் பூஜ்யமான பிறகு அளப்பதே அளவு.

அலகையும் பாருங்கள். சில கருவிகளும் ஆய்வுக்கூட அறிக்கைகளும் நைட்ரேட்டை அப்படியே குறிக்காமல், அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் குறிக்கின்றன. அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் கிடைக்கும். நைட்ரஜனாக 10 என்பது நைட்ரேட்டாக 44. முன்னதை நல்ல அளவு என்று எண்ணி இருந்துவிட்டால் பின்னது காத்திருக்கும்.

நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிக் கருஞ்சிவப்பாக வந்தால், அந்த எண் எதையும் சொல்லவில்லை. 80ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். ஒரு பங்கு தொட்டித் தண்ணீருடன் நான்கு பங்கு நைட்ரேட் இல்லாத தண்ணீரைக் கலந்து சோதித்து, வரும் அளவை 5 ஆல் பெருக்குங்கள்.

கிட்டையே ஐயுற்றால், அளவு தெரிந்த கரைசலைத் தயாரித்து அதைச் சோதிப்பதே உறுதியான வழி. பொட்டாசியம் நைட்ரேட் 1.63 கிராமை 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்தால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கரைசல் கிடைக்கும்; அதில் 10 மில்லியை எடுத்து, நைட்ரேட் இல்லாத புதிய உப்புநீரால் 1 லிட்டராக நிரப்பினால் அது 10 மில்லிகிராம் ஆகும். உரக்கடைகளில் 13-0-45 என்ற எண்ணில் விற்கும் சொட்டுநீர்ப் பாசன உரம் பொட்டாசியம் நைட்ரேட்டே. ஆய்வுக்கூடத் தூய்மை அதற்கு இல்லை என்றாலும், கிட் 10ஐ 40 என்று காட்டுகிறதா என்பதை அறிய அது போதும்.

அறிகுறி: தண்ணீர் மாற்றிய உடனேயே அளந்தும் அளவு இறங்கவில்லை

தண்ணீர் மாற்றத்தின் கணக்கு நேரடியானது. 30 விழுக்காடு மாற்றினால் 30 விழுக்காடு குறைய வேண்டும். 60 இருந்தது 42க்கு வர வேண்டும். கல்லும் மணலும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், தொட்டியில் உண்மையில் உள்ள தண்ணீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எனவே கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் கலந்த பிறகும் இறங்கவில்லை என்றால், ஊற்றிய புதுத் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் வழியை ஒவ்வொரு கட்டமாகச் சோதியுங்கள்: குழாய் அல்லது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஆர்ஓ (உப்பைத் தடுக்கும் நுண்சவ்வு) வழியாக வந்தது, டிஐ ரெசின் (எஞ்சிய உப்பையும் பிடிக்கும் பிசின் மணிகள்) வழியாக வந்தது, உப்புக் கலந்தது, சேமிப்புத் தொட்டியில் நிற்பது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை ஏற்கிறது; உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50. குடிக்கத் தகுந்த தண்ணீர் மீன்தொட்டிக்குத் தகுந்தது ஆகாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். விளைநிலங்களையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் அடுத்துள்ள ஆழ்துளைக் கிணறுகளில் இந்த வரம்பையும் தாண்டுவது அரிதன்று.

வீட்டுக் குடிநீருக்காக மாட்டப்படும் ஆர்ஓ இயந்திரங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சுவைக்காக, சுத்திகரித்த தண்ணீருடன் சவ்வைக் கடக்காத தண்ணீரில் ஒரு பகுதியைக் கலந்துவிடும் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்ற திருகு பலவற்றில் இருக்கிறது. அது திறந்திருக்கும் வரை, எவ்வளவு புதிய சவ்வு மாட்டினாலும் நைட்ரேட் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தில் அதை முழுவதும் மூடிவிட வேண்டும், அல்லது சவ்விலிருந்து நேரடியாகத் தனிக் குழாய் எடுக்க வேண்டும். சவ்வு நல்ல நிலையில் இருந்தாலும் நைட்ரேட்டை முழுவதுமாகத் தடுப்பதில்லை. மற்றப் பல உப்புகளைவிட நைட்ரேட் அதை எளிதாகக் கடக்கும். ஆகவே ஆர்ஓவுக்குப் பின் டிஐ ரெசின் கட்டாயம். கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் வரைதான் அந்த ரெசின் வேலை செய்கிறது. 1 அல்லது 2 காட்டத் தொடங்கும் நாளிலேயே மாற்றிவிடுங்கள்.

கடலிலிருந்தே தண்ணீர் எடுத்து வருவோர், எடுக்கும் இடத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும். அடையாறு, கூவம் போன்ற கழிமுகங்களை ஒட்டியும், வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த வாரங்களிலும் கரையோரத் தண்ணீரில் கழிவும் நன்னீரும் கலந்திருக்கும். உப்பின் செறிவும் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றவே கூடாது.

அறிகுறி: மாற்றியவுடன் இறங்குகிறது, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்புகிறது

இதுவே மிகுதியாகக் காணப்படும் நிலை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகளில் பாதி தாமே விளங்கும்.

கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் நைட்ரேட் சேர்ந்து கிடந்து வெளியேறுகிறது என்று சிலர் விளக்கம் தருவார்கள். பாஸ்பேட்டைப் பொறுத்தவரை அது உண்மை. பாஸ்பேட் சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையும்போது மீண்டும் கரையும். நைட்ரேட்டோ கல்லில் ஒட்டுவதில்லை, தண்ணீரிலேயே கரைந்திருக்கும். ஆகவே அளவு திரும்ப ஏறினால், அது அந்த வாரத்தில் புதிதாக வந்த நைட்ரேட்டே.

வாரம் எவ்வளவு வருகிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் மாற்றிய அன்று மாலை ஒரு சோதனை, ஏழு நாள் கழித்து மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வாரந்தோறும் சேரும் அளவு. அந்த அளவை, ஒவ்வொரு வாரமும் மாற்றும் தண்ணீரின் பங்கால் வகுத்தால், தொட்டி கடைசியில் எந்த எண்ணில் போய் நிற்கும் என்பது தெரிந்துவிடும். வாரம் 5 மில்லிகிராம் சேர, வாரம் 10 விழுக்காடு மாற்றினால், 5ஐ 0.1 ஆல் வகுக்க 50 வரும். நீங்கள் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி 25க்குக் கொண்டுவந்தாலும், வழக்கம் மாறாதவரை தொட்டி மெல்ல மெல்ல 50க்கே திரும்பும். 10ஐ இலக்காகக் கொண்டால், ஒன்று வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், அல்லது வாரம் சேருவதை 1 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். முன்னது உப்புச் செலவாலும் உழைப்பாலும் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், வரவைக் குறைப்பதில்தான் கவனம் செல்ல வேண்டும்.

வரவில் முதலிடம் உணவுக்கே. உலர்ந்த குருணை உணவில் 45 விழுக்காடு புரதம் என்று கொண்டால், புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், 1 கிராம் உணவு முழுவதும் சிதைந்தால் 0.32 கிராம் நைட்ரேட் ஆகும். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். நாளொன்றுக்கு 1 கிராம் போட்டால் வாரத்துக்கு 11 மில்லிகிராம். ஒரு பகுதி மீனின் உடலாக மாறும், ஒரு பகுதியை ஸ்கிம்மர், அதாவது காற்றுக்குமிழியின் நுரையில் கழிவை ஒட்டவைத்து வெளியேற்றும் கருவி, எடுத்துவிடும். பாதி எஞ்சினாலும் மேலே சொன்ன 5 மில்லிகிராமுக்கு வேறு காரணமே தேவையில்லை. சமையலறைத் தராசில் ஒரு வார உணவை நிறுத்துப் பாருங்கள் என்று யாவரிடமும் வலியுறுத்துவேன். விரல் நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு. உறைந்த இறாலில் புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடுதான் என்பதால், அதே எடைக்கு அது பாதிக்கும் குறைவான நைட்ரேட்டையே தரும். மீன்களைப் பட்டினி போடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவதும், நீரோட்டப் பம்பை அந்த நேரம் நிறுத்துவதும், உணவு கல்லின் பின்புறம் ஒதுங்கி அழுகுவதைத் தடுக்கும்.

அடுத்த வரவு, யாரும் எண்ணிப் பார்க்காத ஆவியாதல் ஈட்டு நீர். சம்ப் (கருவிகள் வைக்கும் கீழ்த்தொட்டி) உள்ள 200 லிட்டர் தொட்டியில் வெயில் காலத்தில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். நீர் மட்டும்தான் ஆவியாகும், நைட்ரேட் தங்கிவிடும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள குழாய்த் தண்ணீரால் அதை ஈடுசெய்தால், நாளுக்கு 120 மில்லிகிராம், அதாவது தொட்டியில் லிட்டருக்கு 0.6, வாரத்துக்கு 4.2. தண்ணீர் மாற்றத்துக்கு டிஐ நீரும், ஈட்டுக்குக் குழாய் நீரும் பயன்படுத்தும் தொட்டிகளில் இந்த ஒரு பிழையே முழுக் கதையாக இருக்கும்.

மூன்றாவது, வடிகட்டிகளில் அகப்பட்டுக் கிடக்கும் கழிவு. பாக்டீரியா தங்குவதற்காக வடிகட்டியில் போடும் பயோபால் என்ற பிளாஸ்டிக் பந்து, பீங்கான் வளையம் ஆகியவை நைட்ரேட்டை உற்பத்தி செய்கின்றன என்று பழி சொல்லப்படுகிறது. உண்மையில் அவை கூடுதலாக எதையும் உண்டாக்குவதில்லை; வந்த அம்மோனியாவையே மாற்றுகின்றன. ஆனால் அவற்றின் இடுக்குகளில் உணவுத் துகளும் எச்சமும் சிக்கி, ஸ்கிம்மருக்குப் போய்ச் சேராமல் அங்கேயே முழுவதும் சிதைந்துவிடுகின்றன. கேனிஸ்டர் ஃபில்டரை (மூடிய கலத்தில் அமைந்த வடிகட்டியை) மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் வழக்கம் நன்னீர்த் தொட்டியிலிருந்து வந்தது. கடல்நீர்த் தொட்டியில் பஞ்சை வாரம் ஒருமுறையேனும் கழுவ வேண்டும். ஃபில்டர் சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போதிய அளவு நுண்துளைக் கல் உள்ள தொட்டியில் பயோபால்களை வாரத்துக்குக் கால் பங்காக எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மறுநாள் அம்மோனியாவைச் சோதித்து, பூஜ்யமாக இருந்தால் மட்டுமே அடுத்த கால் பங்கை எடுக்க வேண்டும்.

அறிகுறி: பழக்கம் எதுவும் மாறவில்லை, ஆனால் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது

உங்கள் பழக்கம் மாறாவிட்டாலும் தொட்டி மாறியிருக்கும். சிறிதாக வாங்கிய மீன் பெரிதாகி, உணவும் தெரியாமல் கூடியிருக்கும். டிஐ ரெசின் தீர்ந்திருக்கும். இவை இரண்டும் இல்லையெனில் ஸ்கிம்மரைப் பாருங்கள். காற்றை இழுக்கும் சிறு துளையில் உப்புப் படிந்தால் குமிழி குறையும். கழுத்தில் கொழுப்புப் படலம் படிந்தால் நுரை மேலே ஏறாது. பம்பின் சுழலியில் சுண்ணாம்பு படிந்தால் வேகம் குறையும். கழுத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்து, காற்றுத் துளையில் வாரம் ஒருமுறை வெந்நீர் செலுத்தி, பம்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் பழைய வலு திரும்பும். ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுப்பதில்லை, அது நைட்ரேட்டாக மாறுவதற்கு முன் இருக்கும் கரிமப் பொருளை எடுக்கிறது. ஆகவே பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இந்த மெதுவான ஏற்றத்துடன் காரத்தன்மையும் குறைந்துவருகிறதா என்று சோதியுங்கள். அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் உண்டாகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் சேர்ந்தால் காரத்தன்மை, அதை அளக்கும் அலகான டிகேஎச் கணக்கில், 2.3 குறையும். பவளமே இல்லாத தொட்டியில் டிகேஎச் 8இலிருந்து 5க்கு வந்திருந்தால், கிட் என்ன சொன்னாலும் நைட்ரேட் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது தனிச் சான்று. அத்தகைய பழைய தொட்டியில் ஒரே நாளில் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றுவது காரத்தன்மையையும் பிஎச் அளவையும் சட்டென உயர்த்தும் என்பதால், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் 15 விழுக்காடாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

அறிகுறி: ஓரிரு நாளில் திடீரென ஏறிவிட்டது

எதுவோ இறந்திருக்கிறது. மீன்களை எண்ணுங்கள், நத்தைகளை முகர்ந்து பாருங்கள், கடல் அனிமோன் பம்புக்குள் இழுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உடனே சோதியுங்கள், ஏனெனில் நைட்ரேட் ஏறும்போது ஆபத்தின் முதற்பகுதி கடந்திருக்கும் அல்லது இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இப்படி ஆனால் கேனிஸ்டர் ஃபில்டரையே ஐயுறுங்கள். மூடிய கலத்துக்குள் தண்ணீர் ஓடாமல் சில மணி நேரம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளிருக்கும் பாக்டீரியா மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்தத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். மின்வெட்டு நீண்டால், பம்பைத் தானாக ஓடவிடாமல், கேனிஸ்டரைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே இயக்குங்கள்.

அறிகுறி: பாசி மண்டிக் கிடக்கிறது, கிட் பூஜ்யம் காட்டுகிறது

இரண்டும் உண்மையே. பாசி உண்டது போக எஞ்சியதைத்தான் கிட் அளக்கிறது. பாசியைக் கையால் பிடுங்கித் தொட்டிக்கு வெளியே எடுத்தால் அதற்குள் உள்ள நைட்ரஜனும் வெளியேறும். கண்ணாடியில் சுரண்டி உள்ளேயே விட்டால் அது அழுகி மீண்டும் நைட்ரேட்டாகும். பிடுங்கிய மறுவாரம் அளவு சற்று ஏறுவது இயல்பு; அதுவே தொட்டியின் மறைந்திருந்த வரவு.

அறிகுறி: வரவை இயன்றவரை குறைத்தாயிற்று, இன்னும் இலக்குக்கு வரவில்லை

இப்போதுதான் செலவுப் பக்கத்தை வளர்க்கும் நேரம். இதற்கு முன் செய்வது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

முதலில், எதைச் செய்ய வேண்டாம் என்பது. நன்னீர்த் தொட்டிகளுக்கான நைட்ரேட் நீக்கும் ரெசின்களும் சியோலைட்டும் கடல்நீரில் பெரும்பாலும் பயனற்றவை. கடல்நீரில் குளோரைடும் சோடியமும் அவ்வளவு மிகுதியாக இருப்பதால், ரெசினில் நைட்ரேட்டுக்கு இடமே கிடைக்காது. கரித்துண்டும் நைட்ரேட்டை எடுப்பதில்லை.

நுண்துளை நிறைந்த கல்லின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நைட்ரேட் வாயுவாகும் வேலை அங்கே நடக்கும். இந்தியாவில் இருப்போர், கடலிலிருந்து உடைத்தெடுத்த பவளக்கல்லை லைவ் ராக் என்று விற்றால் வாங்கக் கூடாது. பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் ஏற்கெனவே பட்ட இழப்பே போதும். வார்ப்பில் செய்த கல்லும் நுண்துளைப் பீங்கான் கட்டிகளும் சில மாதங்களில் அதே வேலையைச் செய்யும். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள நுண்மணல் படுக்கையும் செய்யும். ஆனால் பழைய ஆழ்மணலைக் கிளறக் கூடாது. கருமை படர்ந்த அடிமணலில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம், அது மீன்களைக் கொல்லும்.

சம்பில் ஓர் அறையை ஒதுக்கி, விளக்கு வைத்து, கீடோமார்ஃபா போன்ற கடற்பாசியை வளர்ப்பது நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. 100 கிராம் ஈரப்பாசியில் 10 கிராம் உலர் எடையும், அதில் 3 விழுக்காடு நைட்ரஜனும் எனக் கொண்டால், அதை அறுத்தெடுக்கும்போது 200 லிட்டர் தொட்டியிலிருந்து லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் வெளியேறுகிறது. மண்டபம் பகுதியில் கயிறுகளில் வளர்க்கப்பட்டுள்ள கஞ்சிப்பாசியின் இனத்தைச் சேர்ந்த செம்பாசிகளும் வளரும். பாசி தின்னும் மீன்களுக்கு அவை நல்ல உணவும் ஆகும். காலெர்ப்பா இனப் பாசி வேகமாக வளர்ந்தாலும், திடீரென ஒரே இரவில் இனப்பெருக்கத் துகள்களை வெளியிட்டு வெளிறிச் சிதைந்துவிடும் இயல்புடையது. அன்று அது சேர்த்த அனைத்தும் தண்ணீருக்கே திரும்பும். விளக்கை இரவில் எரியவிட்டால் இரவில் பிஎச் இறங்குவதும் குறையும்.

அடுத்தது கரிமம் சேர்ப்பது, அதாவது வினிகரோ வோட்காவோ சிறிது சிறிதாக ஊற்றி, அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சச் செய்து, அவற்றை ஸ்கிம்மரால் எடுப்பது. நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதைச் செய்யவே கூடாது. நிறமற்ற வெள்ளை வினிகரை 100 லிட்டருக்கு நாளுக்கு 1 மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு 1 மில்லிக்கு மேல் கூட்டாமல், காலையில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 40 விழுக்காடு வோட்காவில் அதே அளவு 5 விழுக்காடு வினிகரைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கரிமம் இருப்பதால், வினிகரின் அளவுக்குறிப்பை வோட்காவுக்குப் பயன்படுத்தினால் தொட்டியே அழியும்.

அறிகுறி: வினிகர் தொடங்கியபின் தண்ணீர் பால்போல் கலங்கியது, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

பாக்டீரியா மிதமிஞ்சிப் பெருகி ஆக்சிஜனைத் தீர்க்கிறது. வினிகரை அன்றே நிறுத்துங்கள். காற்றுக் கல்லைப் போடுங்கள். ஸ்கிம்மரை ஈரநுரை எடுக்குமாறு திருப்புங்கள். நீர்ப்பரப்பு நன்கு அலையுமாறு பம்பைத் திருப்புங்கள். தெளிந்த பிறகு பாதி அளவில் மீண்டும் தொடங்கலாம். இரவில் ஆக்சிஜன் இயல்பாகவே குறையும் என்பதால், கலங்கிய தொட்டியைக் காற்றுக் கல் இல்லாமல் இரவு முழுதும் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் வினிகர் ஊற்றியும் நைட்ரேட் அசையவில்லை

பாஸ்பேட்டைச் சோதியுங்கள். பாக்டீரியா தன் உடலைக் கட்ட நைட்ரஜனோடு பாஸ்பரஸும் வேண்டும். பாஸ்பேட் நீக்கும் துகள்களை மிகுதியாகப் பயன்படுத்தி அதைப் பூஜ்யமாக்கிய தொட்டியில், எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் நைட்ரேட் இறங்காது. கடல் மிதவை உயிரிகளில் அணுக்கணக்கில் 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் காணப்படுகிறது. எடையில் அது ஏறத்தாழ 10 நைட்ரேட்டுக்கு 1 பாஸ்பேட். துகள்களை எடுத்துவிட்டு, பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை ஏறவிடுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கும்.

அறிகுறி: டீநைட்ரேட்டரிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

டீநைட்ரேட்டர் என்பது நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களை வளர்க்கும் மூடிய கலம். கந்தகத் துகள் நிரப்பிய டீநைட்ரேட்டரில் நீர் மிக மெதுவாகப் பாய்ந்தால், நைட்ரேட் தீர்ந்தபின் பாக்டீரியா சல்பேட்டைத் தாக்கி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். மிக வேகமாகப் பாய்ந்தால் வேலை பாதியில் நின்று நைட்ரைட் வெளிவரும். நாற்றம் வந்தால் ஓட்டத்தைக் கூட்டுங்கள்; நைட்ரைட் வந்தால் குறையுங்கள். வெளியேறும் நீரை அடுத்ததாகச் சுண்ணாம்புத் துகள் வழியே செலுத்துவது, அங்கே உண்டாகும் அமிலத்தைச் சமன்செய்யும்.

அறிகுறி: நைட்ரேட் பூஜ்யமாகிவிட்டது, பவளங்கள் வெளிறுகின்றன, மணலில் பழுப்புச் சளி படர்கிறது

பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒருசேரத் தீர்ந்துபோன தொட்டியில், போட்டிக்கு வேறு உயிரி இல்லாததால் டைனோஃபிளாஜலேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் குமிழி கோத்த பழுப்புச் சளியாகப் படர்வது தெரிந்த ஒன்று. அவற்றில் சில இனங்கள் நத்தைகளைக் கொல்லும் நஞ்சையும் உண்டாக்கும். இந்த நிலையில் தண்ணீர் மாற்றத்தையும் வினிகரையும் நிறுத்தி, உணவைச் சற்றுக் கூட்டுங்கள். அது போதாதபோது, முன்பு சொன்ன லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கரைசலை, இம்முறை உரத்தில் அல்லாமல் தூய பொட்டாசியம் நைட்ரேட்டில் தயாரித்து, 200 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு 200 மில்லிக்கு மேல் போகாமல் ஊற்றினால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூடும். மறுநாள் சோதித்து, அளவு 2க்கும் 5க்கும் இடையே நிலைக்கும் வரை தொடர்ந்து, அதன்பின் வாரம் ஒருமுறை மட்டும் சோதியுங்கள், பாஸ்பேட்டும் 0.03க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை அதே நாளில் பார்த்துவிடுங்கள்.